கேட்டது யார், பக்கத்தில் நின்றது யார்

"பதுளை மாவட்டத்தில் உள்ள பெருந்தோட்டம் ஒன்றைச் சேர்ந்த 60 பெண் தொழிலாளர்கள் மாதிரியாகத் தெரிவு செய்யப்பட்டு, வினாக்கொத்து மூலம் தரவுகள் திரட்டப்பட்டன." உளவியல் படிக்கும் நம் பிள்ளைகளின் ஆய்வறிக்கைகளில் இந்த வாக்கியத்தை, எண்ணிக்கை மட்டும் மாறி மாறி, பலமுறை வாசித்திருக்கிறேன். இலக்கணப் பிழை கிடையாது. வாசித்து முடித்த பிறகு மட்டும் ஒன்றும் தெரியாது. தெரிவு செய்தது யார்? பசறைப் பக்கத்துத் தோட்டமா, அப்புத்தளை மேட்டுத் தோட்டமா? கேட்டது மலையிலா, பிரட்டுக்களத்திலா, லயத்து வாசலிலா? கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றாரா? அந்தப் பெண்கள் வினாக்கொத்தைத் தாங்களே வாசித்தார்களா, யாராவது வாசித்துக் காட்டினார்களா? இவை எதற்கும் பதில் இல்லாத அதே அறிக்கையில், மன அழுத்தம் பற்றி அமெரிக்கப் பேராசிரியர்கள் சொன்னவை பக்கம் பக்கமாக இருக்கும்.

அறிக்கை தெளிவாக இல்லை என்று குறைப்படும்போது நாம் பெரும்பாலும் மொழிநடையைத்தான் பிடித்துக்கொள்கிறோம். வாக்கியத்தைச் சுருக்கு, கலைச்சொல்லைக் குறை என்று புத்தி சொல்கிறோம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. உளவியல் அறிக்கையின் தெளிவு அதன் முறையியல் பகுதியில்தான் தீர்மானமாகிறது. மாணவர்கள் கடைசி நேரத்தில், முந்திய வருடத்து அறிக்கையைப் பார்த்து எழுதிச் சேர்க்கும் பகுதியும் அதுவேதான். தோட்டத்தில் செய்த ஆய்வென்றால், தோட்டம் அறிக்கைக்குள் வருவதற்கு அதைவிட வேறு வாசல் இல்லை.

எங்கே, எப்படிப் பார்த்தோம் என்று எழுதிவைப்பதற்கு ஊவாவில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட முன்னுதாரணம் உண்டு. சார்ல்ஸ் செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் எழுதிய 'த வெத்தாஸ்' 1911இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. பிபிலை, நில்கல பக்கத்துக் காடுகளில் இருந்த வேடர் குடிகள் அதில் பெரிய இடம் பெறுகின்றன. சார்ல்ஸ் செலிக்மன் 1898இல் டொரஸ் நீரிணைக்குப் போன குழுவில் இருந்தவர். உளவியல் கருவிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், தீவு மக்களின் பார்வையையும் செவியையும் அங்கேயே சோதித்துப் பார்த்த குழு அது. அதே குழுவில் போன சார்ல்ஸ் மையர்ஸ் இந்தப் புத்தகத்துக்கு வேடர் இசை பற்றி ஓர் அத்தியாயம் எழுதிக் கொடுத்தார். போர்முனையில் மனம் குலைந்த சிப்பாய்களைப் பற்றி 1915இல் எழுதி உலகம் முழுக்க அறியப்பட்ட மையர்ஸ் அவர்தான்.

புத்தகத்தின் பார்வை அன்றைய ஏகாதிபத்தியப் பார்வை. இனங்களைத் தரம் பிரித்து அளக்கும் ஆசை அதில் நிறையவே உண்டு. இருந்தும் ஒரு விஷயத்தில் அது நம் பிள்ளைகளின் அறிக்கைகளை வெட்கப்பட வைக்கிறது. எந்தக் குடியைச் சந்தித்தார்கள், எந்தக் குடி ஏற்கனவே சிங்களக் கிராமத்தோடு கலந்துவிட்டது என்பதையெல்லாம் பிரித்துப் பிரித்து எழுதுகிறார்கள். தனிகல வேடர்களைப் பற்றி எழுதும்போது, பிரயாணம் வரும் வெள்ளைக்காரருக்குக் காட்டுவதற்கென்றே அவர்கள் அழைத்து வரப்படுவதையும், 'காட்டு மனிதன்' வேஷத்துக்கு அவர்கள் நன்றாகவே பழகிவிட்டதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். பார்க்க வந்தவன் எதை எதிர்பார்க்கிறானோ அதையே பார்க்கப்படுபவன் செய்து காட்டுவான் என்ற இந்தச் சங்கதியை மார்ட்டின் ஓர்ன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1962இல் ஒரு கட்டுரையாக எழுதினார். இன்று எல்லாப் பாடநூலிலும் அது இருக்கிறது. ஊவாக் காட்டில் அது அதற்கு அரை நூற்றாண்டு முன்பே பதிவாகிவிட்டது. செலிக்மன்களோடு நாம் இன்று சண்டை போடலாம். எங்கே நின்று பார்த்தார்கள் என்று சொல்லிவைத்ததால்தான் போட முடிகிறது.

தோட்டத்திலும் அந்த வேஷம் உண்டு. அரசசார்பற்ற நிறுவனம், சுகாதாரத் திணைக்களம், பல்கலைக்கழகம் என்று வினாக்கொத்தோடு வந்து போனவர்களை லயத்துச் சனம் நிறையப் பார்த்திருக்கிறது. புதிதாக ஒரு மாணவி வந்தால் முதல் கேள்வி அவளிடம்தான் கேட்கப்படும்: "நீங்க யாரு மிஸ், ஆபீஸ்ல சொல்லி அனுப்புனாங்களா?" ஆம் என்றால் ஒரு பதில் வரும்: "ஒரு கொறையும் இல்ல மிஸ்." இல்லை, நாங்கள் உதவி செய்கிற நிறுவனம் என்றால் இன்னொன்று: "எல்லாமே கஷ்டந்தான் மிஸ்." இரண்டையும் பொய் என்று சொல்லமாட்டேன். கேட்டவர் யாராகத் தெரிந்தார் என்பது அறிக்கையில் இல்லாவிட்டால் இந்த இரண்டு பதிலும் ஒரே அட்டவணையில் இரண்டு எண்களாகிவிடுகின்றன.

தோட்டம் என்றால் என்ன என்பதிலேயே தொடங்கலாம். தொகைமதிப்புத் திணைக்களத்துக்கு ஒரு வரையறை உண்டு: 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், தங்கியிருக்கும் தொழிலாளர் 10 பேராவது இருப்பதும் தோட்டத்துறை. ஒரு வரியில் முடிகிறது, யாரும் சரிபார்க்கலாம். இதன்படி லயத்தில் வசித்துக்கொண்டு பதுளை டவுனில் கடைக்கு வேலைக்குப் போகும் இளைஞன் தோட்டத்துறைக்குள் வருகிறான். கிராமத்தில் வசித்துக்கொண்டு தோட்டத்தில் பேர் போடும் சிங்களப் பெண் வரமாட்டாள். ஆய்வு தேடுவது வசிப்பிடத்தின் மனச்சுமையையா, தொழிலின் மனச்சுமையையா என்பதைப் பொறுத்து இருவரில் ஒருவர் வெளியே போயாக வேண்டும். 'தோட்டத் தொழிலாளர்' என்று எழுதிவிட்டுப் பிறகு இருவரையும் சேர்த்து எண்ணும் அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது அனுமதி. துரையின் கையெழுத்து இல்லாமல் ஆராய்ச்சியாளர் தோட்டத்துக்குள் நடமாடுவது கஷ்டம். கையெழுத்து கிடைத்தபின் நலன்புரி உத்தியோகத்தரிடம் போகச் சொல்வார்கள். அவர் ஒரு பட்டியல் தருவார். நல்ல மனிதராகவே இருப்பார், உதவிக்காகத்தான் தருவார். பேசத் தெரிந்த, முகம் சுளிக்காத, தொழிற்சங்கத் தகராறில் சிக்காத பெண்களின் பெயர்கள் அதில் முதலில் வரும். அறிக்கையில் இது 'எழுமாற்று மாதிரி' என்று ஏறிவிடுகிறது. எழுமாற்று என்றால் ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு சமம் என்று அர்த்தம். அந்தப் பட்டியலில் யாருக்கும் அந்த வாய்ப்பு சமமாக இருந்திருக்க முடியாது. 'நலன்புரி உத்தியோகத்தர் தந்த பட்டியலிலிருந்து' என்று எழுதினால் புள்ளி குறையும் என்று மாணவி பயப்படுகிறாள். என்னிடம் வந்தால் அந்த வரிக்காகவே புள்ளி கூட்டுவேன்.

'தகவல்களின் இரகசியம் பேணப்பட்டது' என்ற வாக்கியமும் அப்படித்தான். பழைய லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கின்றன. இந்தக் காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அங்கே உட்கார்ந்து "உங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிப்பாரா?" என்று கேட்டுவிட்டு இரகசியம் பேணினோம் என்று எழுதினால், வினாக்கொத்துத் தாள்களை அலுமாரியில் பூட்டிவைத்தோம் என்பது மட்டுமே அதன் பொருள். எங்கே உட்கார்ந்து கேட்டோம், சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார், மாமியார் நடுவில் வந்தபோது என்ன செய்தோம் என்பதையெல்லாம் எழுத நாலே வரி போதும்.

இதில் கையெழுத்து விவகாரம் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. ஆய்வு ஒழுக்கவியல் குழுக்கள் எழுத்துமூல ஒப்புதல் கேட்கின்றன; நியாயமான கோரிக்கை. ஆனால் மலையகத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதற்குத் தனிச் சரித்திரம் உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டு, பிறப்புச் சான்றும் வதிவுச் சான்றும் தேடி அலைந்து, மறுக்கப்பட்டவர்கள் ஏராளம். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதி பாதியாக எடுத்துக்கொண்டன. எந்தத் தாளில் பெருவிரலை வைத்தோம் என்பதைப் பொறுத்து அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினான், தம்பி மடுல்சீமையில் நின்றான். மிஞ்சிய சிக்கலைத் தீர்க்க 2003இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்தக் குடும்பங்களின் பேத்திமாரிடம்தான் நாம் இப்போது ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறோம். அவள் தயங்குவாள்; அல்லது தயங்காமல் உடனே போட்டுவிடுவாள். இரண்டாவது எனக்கு அதிகக் கவலை தருகிறது.

ஏனென்றால் அறிக்கையில் அடுத்து வரும் வாக்கியம் 'பதிலளிப்பு வீதம் 100 சதவீதம்' என்பது. பெருமையோடு எழுதப்படுகிறது. கொழும்பில் ஒரு வங்கி ஊழியர்களிடம் இதே வினாக்கொத்தைக் கொடுத்தால் பாதிப் பேர் திருப்பித் தரமாட்டார்கள். அவர்களால் 'முடியாது' என்று சொல்ல முடியும். துரை அனுமதித்து, நலன்புரி உத்தியோகத்தர் பெயர் கொடுத்து, மிஸ் வீடு தேடி வந்து நிற்கும்போது ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால் அந்த நூறு சதவீதமே ஒரு பெறுபேறு. மறுக்க முடியும் என்பதை எப்படிச் சொன்னோம், யார் சொன்னார்கள், சொன்னதற்குப் பிறகு யாராவது எழுந்து போனார்களா என்பதை எழுதினால் வாசகர் தானே எடைபோட்டுக்கொள்வார்.

காலமும் அப்படித்தான். நம்மவர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் கருவி பி.எச்.கியூ-9. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு என்று பொதுவாகக் கொள்வார்கள். கேள்விகள் எல்லாம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. எந்த இரண்டு வாரம்? ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட கச்சான் காற்று வீசும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருகிற வாசனை அப்போதுதான் இலையில் ஏறுகிறது. கொழுந்து குறைவதும் அப்போதுதான். எடை குறைந்தால் அரைப்பேர், அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்த கிழமையில் கேட்டால் வேறு கதை. திகதி எழுதாத பி.எச்.கியூ புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதே ஒன்பதில் தூக்கம் ஒன்று, களைப்பு ஒன்று, பசி ஒன்று. விடியற்காலை எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் பிள்ளை மடுவத்துக்கும் அனுப்பிவிட்டுப் பிரட்டுக்குப் போய், சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்தெடுத்த பெண் 'அனேகமாகத் தினமும் களைப்பு' என்றுதான் சொல்வாள். அது மனச்சோர்வின் களைப்பா, மலையின் களைப்பா? கருவியின் நம்பகத்தன்மைக்கு ஒரு குணகத்தைக் கணித்து, 0.8க்கு மேல் வந்தது, ஆகவே கருவி பொருத்தமானது என்று அறிக்கை நகர்ந்துவிடும். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. உடல் சார்ந்த கேள்விகளின் புள்ளியைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் ஓர் அட்டவணையில் போட்டிருந்தால் வாசகருக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைத்திருக்கும்!

அறிக்கையின் எலும்புக்கூட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அதை வகுக்கும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் விதிமுறை 1929இல் 'சைக்கலாஜிக்கல் புல்லட்டின்' இதழில் ஏழு பக்கக் குறிப்பாகத் தொடங்கியது, 2019இல் ஏழாம் பதிப்பாக நானூறு பக்கத்தைத் தாண்டிய கையேடாக நிற்கிறது. அரைப்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்பதற்கு மாணவர்கள் உயிரை விடுகிறார்கள். அதில் உருப்படியான யோசனை ஒன்றே ஒன்று: கண்டதை ஒரு பகுதியிலும் அதைப் பற்றி நினைத்ததை இன்னொரு பகுதியிலும் வை. பெறுபேறு, கலந்துரையாடல். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரைத்தான் நம் அறிக்கைகள் முதலில் இடிக்கின்றன. கல்வியறிவை அளக்கவே அளக்காத ஆய்வு, கலந்துரையாடலில் 'தொழிலாளர்களின் கல்வியறிவின்மையே இதற்குக் காரணம்' என்று தீர்ப்புச் சொல்லும். டவுனில் இருப்பவர்கள் தோட்டத்தைப் பற்றி ஏற்கனவே வைத்திருந்த அபிப்பிராயம், ஆராய்ச்சி என்ற சான்றிதழோடு திரும்பி வருகிறது.

அந்தச் சுவரைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்கு இலங்கை பற்றியே நல்ல உதாரணம் உண்டு. தற்கொலை வீதம் 1995இல் இலட்சத்துக்கு 47 வரை ஏறி, பிறகு பத்தே வருடத்தில் பாதியாகியது. டேவிட் கனெல் முதலானோர் 2007இல் எழுதிய கட்டுரை அந்த வீழ்ச்சியையும், கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகள் மீது 1995இலும் 1998இலும் விழுந்த தடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. அதோடு நிற்கவில்லை. வேலையின்மை, மது, விவாகரத்து, போர் நடந்த ஆண்டுகள் ஆகியவற்றையும் எடுத்து, இவற்றோடு வீழ்ச்சி பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தவில்லை என்று சொன்ன பிறகே தடைக்கு வருகிறது. வாசகர் மனதில் எழக்கூடிய மறுப்பை வாசகருக்கு முன்பே எழுதிவிடுவது இந்தத் தொழிலின் பெரிய மரியாதை.

அதே துறையில் இன்னொன்று. பூச்சிகொல்லியைப் பூட்டுள்ள பெட்டியில் வைத்தால் நஞ்சருந்துவது குறையுமா என்று வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் சோதித்தார்கள். மெலிசா பியர்சன் முதலானோரின் அறிக்கை 2017இல் 'லான்செட்' இதழில் வந்தது. விடை: குறையவில்லை. எல்லோரும் நம்பியிருந்த ஒரு யோசனை, இத்தனை செலவு, இத்தனை வருடம். இருந்தும் வேலைசெய்யவில்லை என்று நேராக எழுதினார்கள். தன் ஆய்வில் இரு குழுக்களுக்கிடையே வித்தியாசமே வரவில்லை என்று கண்கலங்கி வந்த ஒரு மாணவிக்கு இதைச் சொன்னேன். "அப்ப ஒன்னும் வரலைன்னே எழுதலாமா சேர்?" என்றாள். எழுதத்தான் வேண்டும். 2015இல் உளவியலாளர்கள் கூடி நூறு பழைய ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தேறியது. ஒன்றும் வராத ஆய்வுகளைப் பெட்டிக்குள் போட்டு மூடிய பழக்கத்துக்கு அதில் பெரிய பங்குண்டு.

திட்டம் மாறினாலும் மாறியதை எழுத வேண்டும். மானிடவியலாளர் வாலன்டைன் டேனியல் 1983இல் மலையகப் பெண் தொழிலாளரின் நாட்டுப்பாடல்களைச் சேகரிக்கத்தான் இலங்கைக்கு வந்தார். வந்தபோது ஜூலைக் கலவரம் நடந்து முடிந்திருந்தது. சனம் பாடும் நிலையில் இல்லை, நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். 1996இல் வந்த அவருடைய புத்தகம் வன்முறையைப் பற்றியது. எதற்காக வந்தேன், எது வழியில் குறுக்கிட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. நம் மாணவி தூக்கமின்மையைப் பற்றிக் கேட்கப் போய், லயத்துக்கு மேலே மண் சரிந்துவிடுமோ என்ற பயத்தைக் கேட்டுக்கொண்டு வருகிறாள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் மழைக்காலத் தூக்கத்தைப் பற்றிக் கேட்கும் எவருக்கும் அது கிடைக்கும். ஆனால் அறிக்கையில், ஆரம்பம் முதலே பேரிடர்ப் பயத்தை ஆராயக் கிளம்பியது போல முன்னுரை திருத்தி எழுதப்பட்டிருக்கும். முதலில் கேட்ட கேள்விக்கும் கடைசியில் கிடைத்த விடைக்கும் இடையிலுள்ள தூரமே அந்த ஆய்வின் கண்டுபிடிப்பு, அதைத்தான் அழித்துவிடுகிறார்கள்.

முறையியல் பகுதியை மேற்பார்வையாளருக்குக் கொடுப்பதற்கு முன்பு, ஆய்வு நடந்த தோட்டத்தில் ஒருவருக்கு வாசித்துக் காட்டச் சொல்வது என் வழக்கம். லுணுகலைப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் அம்மாவுக்கே வாசித்துக் காட்டினாள். அம்மா கொழுந்தெடுப்பவர். கேட்டு முடித்துவிட்டு, "ஏம்மா, அன்னைக்கு மழைன்னு போடலயா? மழைக்கு வேலை நிப்பாட்டிட்டாங்க, அதனாலதானே எல்லாரும் லயத்துல கெடச்சாங்க. மேக்கணக்கு ஆளுங்க மட்டும் அடுத்த நாளு வேலை முடிஞ்சு வந்து எழுதிக் குடுத்தாங்க" என்றாராம். தோட்டத்தின் இரண்டு பிரிவுகளான மேல்கணக்கும் கீழ்க்கணக்கும்தான் மகள் ஒப்பிட்ட இரண்டு குழுக்கள். மேல்கணக்குப் பெண்கள் அதிகம் சோர்ந்திருக்கிறார்கள் என்பது அவளுடைய பிரதானப் பெறுபேறு. ஒரு குழு மழையில் வீட்டிலிருந்து, மறு குழு கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கையோடு. அவள் முறையியலில் இரண்டு வரி சேர்த்தாள், பெறுபேற்றை அப்படியே வைத்தாள், கலந்துரையாடலில் இரண்டு பக்கத்தை வெட்டினாள்.